எத்தனையில் சுழியம்?

இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய். இருவருக்கும் ஒரே வகை அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. சில நாள் கழித்து ஆய்வுக்கூட அறிக்கை வருகிறது. ஒருவருடையதில் ‘நிணநீர் முடிச்சுகள்: 0/4’ என்று இருக்கிறது. மற்றவருடையதில் ‘0/22’. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பரிசோதிக்கப்பட்ட முடிச்சுகளின் எண்ணிக்கை. முன்னால் இருப்பது, அவற்றுள் எத்தனையில் புற்றுநோய் அணுக்கள் தென்பட்டன என்பது.

கணித ஆசிரியரிடம் கேட்டால் 0-ஐ 4-ஆல் வகுத்தாலும் 22-ஆல் வகுத்தாலும் விடை சுழியம்தான் என்பார். மருத்துவர் அப்படிச் சொல்ல மாட்டார். இரண்டாவது அறிக்கையைப் பார்த்து நிம்மதியடையும் அதே மருத்துவர், முதல் அறிக்கையைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவார். ஏன் என்று இந்த வாரம் பார்ப்போம். கொஞ்சம் உயிரியலும் கொஞ்சம் நிகழ்தகவும் தேவைப்படும். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

நெரிசலான ஒரு சந்திப்பு

கணையம் வயிற்றின் பின்புறம், இரைப்பைக்கு அடியில் படுக்கைவாட்டில் கிடக்கும் உறுப்பு. உங்கள் வடிவியல் பெட்டிக்குள் இருக்கும் சிறிய அளவுகோலின் நீளம், அதாவது ஏறத்தாழ 15 செ.மீ. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் ‘C’ வடிவில் அணைத்துக்கொண்டிருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் அந்தத் தலைப்பகுதியின் ஊடாக இறங்கி, கணையநாளத்தோடு சேர்ந்து, ஒரு சிறு விரிவிடத்தின் வழியாக முன்சிறுகுடலில் திறக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஆபிரகாம் ஃபாட்டரின் பெயரால் அந்த இடம் ‘ஃபாட்டர் விரிவு’ எனப்படுகிறது.

ஆக, கணையத் தலை, பித்தநாளத்தின் அடிமுனை, ஃபாட்டர் விரிவு, முன்சிறுகுடல் ஆகிய நான்கும் சில சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இவற்றுள் எதில் புற்றுநோய் தோன்றினாலும் அறுவைச் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நோயின் போக்கு ஒன்றல்ல. ஃபாட்டர் விரிவில் ஒரு சிறு கட்டி வந்தாலே பித்தம் அடைபட்டு, கண் மஞ்சளாகி, நோயாளி மருத்துவரிடம் ஓடுவார். நோய் சீக்கிரம் பிடிபடும். கணையத்தின் நடுப்பகுதியிலோ வால்பகுதியிலோ வரும் கட்டிக்கு அப்படி எச்சரிக்கை மணி கிடையாது. கணையப் புற்றுநோய் கண்டறியப்படும் 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் அந்த நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யும் நிலை இருக்கிறது.

அந்த அறுவைச் சிகிச்சைக்கு ‘விப்பிள்’ என்று பெயர். நியூயார்க்கைச் சேர்ந்த ஆலன் விப்பிளும் அவருடைய சக மருத்துவர்களும் 1935-இல் ஃபாட்டர் விரிவுப் புற்றுநோய்க்குச் செய்த அறுவைகளை வெளியிட்டார்கள். பெர்லினில் வால்ட்டர் கௌஷ் 1909-லேயே இதைச் செய்திருந்தார் என்றாலும் பெயர் என்னவோ விப்பிளுக்குத்தான் நிலைத்தது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பல வேளைகளில் இரைப்பையின் ஒரு துண்டு ஆகியவை ஒரே தொகுதியாக வெளியே எடுக்கப்படும். கட்டி கணையத்தில் இருக்க, குடலை ஏன் எடுக்கவேண்டும்? இரண்டுக்கும் இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் பொதுவானவை. ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றது இரத்தமின்றிச் செத்துப்போகும்.

வெளியே வரும் அந்தத் தொகுதியைச் சுற்றியுள்ள கொழுப்பில்தான் நம் கதாநாயகர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

டோல் சாவடிகள்

இரத்த நுண்குழாய்கள் கசியும் தன்மை கொண்டவை. கசியும் நீரில் பெரும்பகுதி திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். மிஞ்சுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். இதுவே நிணநீர். இதைத் திரட்டிக் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். அவற்றின் வழியில் ஆங்காங்கே அவரை விதை வடிவில் சிறு முடிச்சுகள் உள்ளன. உடல் முழுவதும் 500, 600 இருக்கும். நெடுஞ்சாலையில் வண்டிகள் டோல் சாவடியைக் கடந்தே தீரவேண்டும் என்பதுபோல், நிணநீர் இந்த முடிச்சுகளுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். உள்ளே எதிர்ப்பு அணுக்கள் காவல் இருக்கும்.

கட்டியிலிருந்து பிரியும் புற்றுநோய் அணுக்களும் இந்தச் சாலையில் ஏறக்கூடும். அவற்றுள் சில, சாவடியிலேயே தங்கிப் பெருகத் தொடங்கும். நிணநீர் முடிச்சில் புற்றுநோய் தென்பட்டால் மருத்துவர் கவலைப்படுவது அந்த முடிச்சுக்காக மட்டுமல்ல. திருட்டு வண்டி ஒன்று டோல் கேமராவில் பதிவாகியிருந்தால், அது வீட்டுச் சந்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறிவிட்டது என்று தெரிகிறதல்லவா? பதிவாகாத இன்னும் பல வண்டிகள் போயிருக்கலாம். இந்த உவமையை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஜப்பானிய மருத்துவர்கள் வயிற்றுப் பகுதியின் இந்தச் சாவடிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கணையத் தலைக்குப் பின்னால் 13, முன்னால் 17, கல்லீரல் தமனியோரம் 8, குடலுக்குப் போகும் பெரிய தமனியோரம் 14, மகாதமனியோரம் 16. கணையத் தலைப் புற்றுநோய் 16-ஆம் எண் முடிச்சுகளை எட்டியிருந்தால் அதை அக்கம்பக்கப் பரவலாக எண்ணுவதில்லை. தொலைதூரப் பரவலாகவே கருதுகிறார்கள்.

தேடுபவர்

வெட்டியெடுத்த தொகுதி ஃபார்மலினில் ஊறி, நோயியல் நிபுணரின் மேசைக்கு வருகிறது. முடிச்சுகள் மஞ்சள் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். பலவும் சில மில்லிமீட்டர் அளவுதான். அவர் கொழுப்பை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, விரலால் தடவித் தடவித் தேடுவார். பாயசத்தில் ஜவ்வரிசியை விரலால் தேடுவது போன்ற வேலை என்று வைத்துக்கொள்ளலாம். கிடைத்த முடிச்சை மெழுகில் பதித்து, தலைமுடித் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சீவல்களாக்கி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்.

ஆகவே ‘22’ என்ற எண் நோயாளியின் உடலை மட்டும் பொறுத்ததல்ல. அறுவை மருத்துவர் எவ்வளவு திசுவை எடுத்தார், நோயியல் நிபுணர் எவ்வளவு பொறுமையாகத் தேடினார் என்பதும் அதில் கலந்திருக்கிறது. அறுவைக்கு முன்பே கீமோதெரபி பெற்றவர்களுக்கு முடிச்சுகள் சுருங்கிப் போவதால் எண்ணிக்கை குறையவும் கூடும்.

தேடிய பிறகு கட்டம் குறிக்கப்படும். பிரான்சின் பியேர் தெனுவா 1940-களில் உருவாக்கத் தொடங்கிய ‘டி.என்.எம்.’ முறைதான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ‘டி’ கட்டியையும், ‘என்’ நிணநீர் முடிச்சுகளையும், ‘எம்’ தொலைதூரப் பரவலையும் குறிக்கும். கணையத்தைப் பொறுத்தவரை நெடுங்காலம் ‘என்’ என்பது ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளாக இருந்தது. ஒரு முடிச்சில் நோய் இருந்தாலும் பத்தில் இருந்தாலும் ஒரே பெட்டி. 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு இதை மாற்றியது. எதிலும் இல்லையென்றால் என்0. ஒன்று முதல் மூன்று வரை என்1. நான்கும் அதற்கு மேலும் என்2. ஃபாட்டர் விரிவுக்கும் பித்தநாள அடிமுனைக்கும் இதே எல்லைதான். முன்சிறுகுடலுக்கு மட்டும் மூன்றிலேயே என்2 தொடங்கிவிடும்.

இந்தப் பிரிப்பு வெறும் அலுவலகக் கணக்கல்ல. அமெரிக்காவில் மூன்று மருத்துவமனைகளில் கணையப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரையில், ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் என்0 பிரிவில் நூற்றுக்குச் சுமார் 36 பேர், என்1-இல் 21 பேர், என்2-இல் 11 பேர்.

பென்சிலை எடுங்கள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். வெட்டியெடுத்த தொகுதியில் மொத்தம் 20 முடிச்சுகள் இருப்பதாகவும், அவற்றுள் 3-இல் நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உண்மையில் இந்த நோயாளி என்1. ஆனால் தேடியவருக்குக் கிடைத்தவை 5 முடிச்சுகள் மட்டுமே. அறிக்கையில் 0/5 என்று வர என்ன வாய்ப்பு?

அப்படி வரவேண்டுமானால் நோயுள்ள மூன்றும், பார்க்கப்படாத 15-க்குள் இருக்கவேண்டும். முதல் முடிச்சு அங்கே இருக்க வாய்ப்பு 15/20. அது அங்கே இருந்தால் இரண்டாவதுக்கு 14/19. மூன்றாவதுக்கு 13/18. மூன்றையும் பெருக்கினால் 2730/6840, அதாவது 0.40.

நூறு பேரில் நாற்பது பேர்! முடிச்சில் நோய் இருந்தும் ‘இல்லை’ என்ற அறிக்கையோடு வீடு திரும்புவார்கள்.

12 முடிச்சுகளைப் பார்த்திருந்தால்? பார்க்காதவை 8. எனவே 8/20 × 7/19 × 6/18. விடை ஏறத்தாழ 0.05. பதினைந்தைப் பார்த்திருந்தால் 5/20 × 4/19 × 3/18, அதாவது 0.01-க்கும் குறைவு. கணைய அறுவையில் குறைந்தது 12 முடிச்சுகளையாவது பரிசோதிக்கவேண்டும் என்று அமெரிக்கக் கூட்டுப் புற்றுநோய்க் குழு கூறுவதும், பன்னாட்டுக் கணைய அறுவை ஆய்வுக் குழு 2014-இல் 15 என்று கேட்டதும் ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. நம் கணக்கில் எந்த முடிச்சும் சமவாய்ப்பில் கையில் சிக்கும் என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் கட்டிக்கு அருகிலுள்ளவற்றில் நோய் இருக்கும் வாய்ப்பு அதிகம்; நோயால் வீங்கி இறுகியவை விரலுக்கு எளிதில் தட்டுப்படும். அதனால் உண்மை விழுக்காடு நாம் கண்டதிலிருந்து மாறும். ஆனால் போக்கு அதேதான்.

சிலர் ‘எண்ணிக்கை வேண்டாம், விகிதம் பார்ப்போம்’ என்கிறார்கள். நோயுள்ளவற்றை மொத்தத்தால் வகுத்தால் போதும் என்பது அவர்கள் வாதம். முடிச்சுகளில் நோய் இருப்பவர்களிடையே இந்த விகிதம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நம் இரு நோயாளிகளையும் வைத்துப் பாருங்கள். 0/4, 0/22 இரண்டின் விகிதமும் சுழியமே. எங்கே உதவி மிகவும் தேவையோ அங்கே விகிதம் கைவிரித்துவிடுகிறது. என் கருத்தில், இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வதற்கு மாற்று இல்லை.

முதல் நோயாளியின் மருத்துவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘மீதிக் கொழுப்பில் இன்னொரு முறை தேடிப் பாருங்கள்’ என்று கேட்கலாம். திசு உடனே குப்பைக்குப் போவதில்லை; சில காலம் ஃபார்மலினில் இருக்கும். ஃபாட்டர் விரிவு, முன்சிறுகுடல் போன்ற இடங்களில் கீமோதெரபி தரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது முடிச்சுகளின் நிலைக்குக் கனம் அதிகம். அங்கே அந்த ஒரு தொலைபேசி அழைப்பு சிகிச்சையையே மாற்றலாம். கணையப் புற்றுநோயில் நிலைமை வேறு. உடல் தாங்குமானால் என்0 உள்ளவர்களுக்கும் கீமோதெரபி பரிந்துரைக்கப்படுகிறது.

யாரும் கூடுதலாக வாழாமலே கூடும் சராசரி

இதோ ஒரு விநோதம். ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புகள். ‘அ’ வகுப்பில் நால்வர்: 90, 80, 70, 50 மதிப்பெண்கள். சராசரி 72.5. ‘ஆ’ வகுப்பில் மூவர்: 40, 30, 20. சராசரி 30. இப்போது 50 வாங்கியவரை ‘அ’-விலிருந்து ‘ஆ’-வுக்கு மாற்றுங்கள். ‘அ’-வின் சராசரி 80 ஆகிறது. ‘ஆ’-வின் சராசரி 35 ஆகிறது. இரண்டு வகுப்பும் முன்னேறிவிட்டன! ஆனால் எவரும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக வாங்கவில்லை.

1985-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆல்வன் ஃபைன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் நுரையீரல் புற்றுநோயில் இதே வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 1977-இல் சிகிச்சை பெற்றவர்கள், 1953 முதல் 1964 வரை சிகிச்சை பெற்றவர்களைவிட ஒவ்வொரு கட்டத்திலும் நன்றாக இருந்ததாகத் தெரிந்தது. காரணத்தைத் தோண்டியபோது, புதிய படமெடுப்புக் கருவிகள் முன்பு கண்ணுக்குத் தப்பிய பரவலைக் காட்டிக்கொடுத்து, நோயாளிகளைக் கட்டம் மாற்றியிருந்தது புலப்பட்டது. இதற்கு அவர்கள் ‘வில் ரோஜர்ஸ் நிகழ்வு’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு மாநிலத்தார் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்ததால் இரண்டு மாநிலங்களின் சராசரி அறிவும் உயர்ந்துவிட்டது என்று கேலி பேசியதாகச் சொல்லப்படும் அமெரிக்க நகைச்சுவையாளர் அவர்.

கணைய அறுவையில் ஐந்து முடிச்சு பார்த்துவந்த மருத்துவமனை இருபது பார்க்கத் தொடங்கினால் இதுவே நடக்கும். என்0-க்குள் ஒளிந்திருந்த நோயாளிகள் என்1-க்குப் போவார்கள். அவர்கள் வெளியேறியதால் என்0-வின் கணக்கு உயரும். அவர்களுக்கு இருந்தது சிறிதளவு பரவலே என்பதால் என்1-இன் கணக்கும் உயரும்.

அதனால்தான் ‘அதிக முடிச்சுகள் எடுக்கப்பட்டவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்’ என்ற செய்தியை நிதானமாகப் படிக்கவேண்டும். முடிச்சுகளை எடுத்ததே அவர்களைக் காப்பாற்றியதா? அல்லது சரியாகப் பிரித்ததால் அப்படித் தோன்றுகிறதா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான அளவிலும் மறு பாதிக்கு மிக விரிவாகவும் முடிச்சுகளை அகற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1998 முதல் 2014 வரை வெளிவந்த அந்த ஆய்வுகளில், மொத்தத்தில், விரிவாக அகற்றியவர்கள் அதிக நாள் வாழவில்லை. தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளும் போய்விடுவதால் சிலருக்கு ஓயாத வயிற்றுப்போக்குதான் மிச்சம். டோல் சாவடியை இடித்துவிட்டால் கடந்துபோன வண்டி திரும்பி வராது.

ஆகவே முடிச்சுகளின் எண்ணிக்கை முதலில் ஒரு தகவல். வழக்கமான அளவைத் தாண்டி எடுப்பது மருந்தாகாது. வழக்கமான அளவில் எடுத்ததை ஒழுங்காகத் தேடாவிட்டால் தகவலும் கெட்டுப்போகும்.

‘எனக்கு எத்தனை நாள்?’

நோயாளி கேட்கும் கேள்வி இதுதான். என்1 என்றால் நூற்றுக்கு 21 என்று மேலே பார்த்தோம். இந்த 21 ஒரு கூட்டத்தின் எண். அந்தக் கூட்டத்தில் இவர் எங்கே நிற்கிறார் என்பதை அது சொல்லாது. கட்டி முழுதாக அகற்றப்பட்டதா, அணுக்கள் எவ்வளவு முரட்டுத்தனமானவை, கீமோதெரபியை உடல் தாங்குமா என்று இன்னும் பல உண்டு.

அதோடு, ஐந்தாண்டுக் கணக்கு எழுத ஐந்தாண்டுக்கு மேல் காத்திருந்தாகவேண்டும். அதனால் அட்டவணைகள் எப்போதும் பழைய சிகிச்சையைக் காட்டுகின்றன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ஓர் ஆய்வில், கணையப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கீமோதெரபி பெறாதவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 10.4 விழுக்காடு, ஜெம்சைட்டபின் மருந்து பெற்றவர்களில் 20.7 விழுக்காடு. பிறகு பிரான்சிலும் கனடாவிலும் அந்த ஜெம்சைட்டபினையே நான்கு மருந்துக் கலவையோடு ஒப்பிட்டார்கள். 2018-இல் வெளியான முடிவில், வாழ்நாளின் நடுவெண் ஜெம்சைட்டபின் பெற்றவர்களுக்கு 35 மாதங்கள். கலவை பெற்றவர்களுக்கு 54.4 மாதங்கள்.

நடுவெண் என்றால் என்ன? அனைவரையும் வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் அளவு. பாதிப்பேர் அதற்கு முன், பாதிப்பேர் அதற்குப் பின். முன்பாதி சுழியத்துக்கும் நடுவெண்ணுக்கும் இடையில் அடைபட்டிருக்கிறது. பின்பாதிக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. அது பல ஆண்டுகளுக்கு நீளலாம். இதை அழகாக விளக்கியவர் உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட். 1982-இல் அவருக்கு வயிற்று உள்ளுறையில் அரியதொரு புற்றுநோய் கண்டது. இது கணையப் புற்றுநோயல்ல. நூலகத்தில் தேடிப் படித்தபோது நடுவெண் எட்டு மாதம் என்று இருந்தது. அந்த வரைபடத்தின் வால் வலப்புறம் நீண்டிருப்பதையும், தாம் அந்த வாலில் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு என்பதையும் கவனித்து, 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்தது 2002-இல், வேறொரு புற்றுநோயால்.

செய்து பாருங்கள்

மீண்டும் 20 முடிச்சுகள். இம்முறை இரண்டில் மட்டுமே நோய். தவறவிடும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே வரவேண்டுமானால் குறைந்தது எத்தனை முடிச்சுகளைப் பரிசோதிக்கவேண்டும்? பார்க்காதவை 5 என்றால் 5/20 × 4/19, அதாவது 5.3 விழுக்காடு, போதாது. 4 என்றால் 4/20 × 3/19, அதாவது 3.2 விழுக்காடு. எனவே விடை 16. சரி, ஒரே ஒரு முடிச்சில்தான் நோய் இருக்கிறது என்றால்? ஒன்றை விட்டுவிட்டாலும் தவறும் வாய்ப்பு 1/20, சரியாக 5 விழுக்காடு. அதற்குக் கீழே அல்ல. இருபதையும் பார்த்தாகவேண்டும்.